தினமும் அரை மணி நேரம்: தனிஜெப வேளைக்கு எந்த வாசிப்பு முறை?

ஆவிக்குரிய வாழ்க்கை வறண்டுவிட்டது என்று சொல்லும் விசுவாசிகளிடம் சற்று நேரம் பேசிப் பார்த்தால், அவர்களில் பலர் ஜெபத்தையோ வேதத்தையோ கைவிட்டவர்கள் அல்லர் என்பது தெரியவரும். தங்களுக்குப் பொருந்தாத ஒரு முறையைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களே அவர்களில் அதிகம். பசித்தவனுக்கு உணவு வேண்டும் என்பதில் ஐயமில்லை; ஆனால் நோயிலிருந்து எழுந்தவனுக்கும் வயலில் உழைப்பவனுக்கும் ஒரே உணவை ஒரே அளவில் வைப்பது அறிவுடைமை ஆகாது. ஒரு நாளில் அரை மணி நேரத்தை மட்டுமே ஒதுக்கக்கூடிய ஒருவர், அந்த நேரத்தை எந்த முறைக்குக் கொடுப்பது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். சபை ஆராதனையும் திருவிருந்தும் இந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை. அவை எல்லாருக்கும் உரியவை, அவற்றுக்கு மாற்று எதுவும் இல்லை. தனியே கதவைப் பூட்டிக்கொண்டு அமரும் அந்த வேளையைப் பற்றியே பேசுகிறேன்.

திருச்சபையின் நீண்ட அனுபவத்தில் நிலைத்து நின்ற வழிகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: வேதாகமம் முழுவதையும் ஓர் ஆண்டில் வாசித்து முடிப்பது, ஒரு சிறு பகுதியை எடுத்து மெதுவாகத் தியானித்து வாசிப்பது, குறித்த வேளைகளில் சங்கீதங்களை ஜெபமாகச் சொல்வது, அன்றன்றைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வசனத்தையும் தியானப் பகுதியையும் வாசிப்பது.

முதல் முறையின் கணக்கு எளிது. 66 புத்தகங்களைக் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று அதிகாரங்களும் வாரத்தில் ஒரு நாள் ஐந்து அதிகாரங்களும் வாசித்தால் ஆண்டு முடிவதற்குள் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி வசனத்துக்கு வந்துவிடலாம். வேதாகமம் முழுவதையும் உரக்க வாசிக்கச் சுமார் 70 முதல் 80 மணி நேரம் ஆகும் என்பதால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 நிமிடங்கள் போதும். இவ்வகைத் திட்டங்களில் மிகவும் பெயர்பெற்றது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842ஆம் ஆண்டில் தம் சபையாருக்காக வகுத்தது. ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கு இடங்களில் ஒரே நாளில் தொடங்கும் அந்தத் திட்டத்தின்படி வாசிப்பவர், ஓர் ஆண்டில் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் வாசித்து முடிப்பார்.

இந்த முறை கொடுப்பதை வேறெந்த முறையும் கொடுக்காது. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்து வாசித்ததை லூக்கா 4ஆம் அதிகாரத்தில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஏசாயா 61ஐயும் வாசித்தவருக்கே, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் அவர் புஸ்தகத்தைச் சுருட்டினார் என்பதும், அடுத்து வரும் சரிக்கட்டும் நாளைப் பற்றிய சொற்களை அன்றைக்கு வாசிக்காமல் நிறுத்தினார் என்பதும் புலப்படும். லேவியராகமத்தைக் கடந்து வராதவருக்கு எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் பாதி மூடியே இருக்கும். ஆகையால், வாழ்நாளில் ஒரு முறையேனும் வேதத்தை முழுமையாக வாசிக்காமல் எந்த விசுவாசியும் இருக்கலாகாது என்றே கருதுகிறேன்.

எனினும் இந்த முறையின் ஆபத்துகளை அதை வகுத்தவரே மறைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம். வாசித்து முடித்தவனுக்குச் சுயநீதி தலைக்கேறலாம். கவனமின்றிக் கண்களை ஓட்டும் பழக்கம் வரலாம். சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம் என்று நான்கு எச்சரிக்கைகளை மெக்செயின் தம் திட்டத்தோடு சேர்த்தே கொடுத்தார். நானும் இந்த முறையில் பல ஆண்டுகள் வாசித்தவன். அவர் சொன்ன மூன்றாவது ஆபத்தில்தான் நான் விழுந்தேன். ராஜாக்களின் வரிசையை ஒப்பிக்க முடிந்த நாட்களில், அன்று காலை வாசித்த பகுதியில் தேவன் என்ன சொன்னார் என்று யாரேனும் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. நுனிப்புல் மேய்ந்து பழகிய மனம், நிற்க வேண்டிய இடத்திலும் நிற்க மறுக்கிறது.

அந்த மனத்தை நிறுத்திவைப்பதே இரண்டாவது முறை. 12ஆம் நூற்றாண்டில் கிராண்ட் ஷார்த்ரூஸ் மடத்தின் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ என்ற துறவி, வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளைக் கொண்ட ஏணியாக இதை விளக்கினார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்லுகிறது, ஜெபம் அதன் சுவையைக் கண்டடைகிறது, கடைசிப் படி அந்த இனிமையாகவே இருக்கிறது என்பது அவருடைய உவமை. தமிழில் இதற்கு அசைபோடுதல் என்ற பொருத்தமான சொல் இருக்கிறது. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷனைப் பற்றிச் சொல்லும் எபிரெயச் சொல்லும் வாயோடு தொடர்புடையதுதான். ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கத்தின் குரலுக்கும், ஏசாயா 38:14இல் எசேக்கியா புறாவைப்போல் புலம்பியதற்கும் அதே வினைச்சொல்தான் வருகிறது. அப்படியானால் வேதத் தியானம் என்பது கண்களை மூடிச் சிந்திப்பதற்கு முன்பாக, உதடுகள் அசைய, தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதாகும். ரதத்தில் அமர்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியின் வாசிப்பு பிலிப்புவின் காதில் விழுந்ததும் அதனால்தான்.

எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு பகுதியைக் காட்டுகிறேன். மாற்கு 10ஆம் அதிகாரத்தின் இறுதியில், எரிகோவின் வழியருகே அமர்ந்து கூப்பிட்ட பர்திமேயுவை இயேசு அழைப்பித்து, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். குருடனிடம் இந்தக் கேள்வி தேவையா என்று வேகமாக வாசிப்பவர் கடந்துபோவார். மெதுவாக வாசிப்பவரோ அந்தக் கேள்வியில் நின்று, அதைத் தம்மிடமே கேட்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு, தாம் இத்தனை நாளாக ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருப்பது உண்மையிலேயே தமக்கு வேண்டியதுதானா என்று சோதித்துப் பார்ப்பார். அவர் அந்த அதிகாரத்தைச் சற்று முன்பிருந்தே வாசித்து வந்திருந்தால், பதினைந்து வசனங்களுக்கு முன்பு, 36ஆம் வசனத்தில், யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு கேட்டது ஏறக்குறைய இதே கேள்விதான் என்பதையும் காண்பார். சீஷர்கள் மகிமையில் வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் ஆசனங்களைக் கேட்டார்கள். பிச்சைக்காரன் பார்வையைக் கேட்டான். முன்னவர்களுக்குத் தாங்கள் கேட்பது இன்னதென்று தெரியவில்லை என்ற பதில் கிடைத்தது, பின்னவனோ பார்வையடைந்து வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான். நின்று வாசித்தால்தான் கேள்வி நம்மைத் தொடும். பரந்து வாசித்தால்தான் இரண்டு கேள்விகளும் எதிரெதிரே வைக்கப்பட்டிருப்பது கண்ணில் படும். ஒரு முறையின் பலம் எங்கே முடிகிறதோ அங்கே மற்றொன்றின் தேவை தொடங்குகிறது.

மெதுவான வாசிப்பின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்து அசைபோட்டால், அது சொல்லாத ஒன்றை நம் ஆசை அதன் வாயில் வைத்துவிடும். எரேமியா 29:11இன் சமாதானத்துக்கேதுவான நினைவுகளை எத்தனையோ பேர் உடனடி விடுதலையின் வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு, அது நிறைவேறாதபோது உடைந்துபோகிறார்கள். அதற்கு முந்தின வசனமோ பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறவேண்டும் என்று சொல்கிறது. அந்த வாக்குத்தத்தம் உண்மையானது, ஆறுதலானதும்கூட. ஆனால் அது நீண்ட காத்திருப்பின் நடுவே கொடுக்கப்பட்ட ஆறுதல். ஆகவே இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர் சிதறிய வசனங்களை விட்டு, ஒரு புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாளுக்குப் பத்துப் பதினைந்து வசனங்களாகத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

மூன்றாவது முறையான சங்கீத ஜெபத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதைத் தங்களுக்கு உரியதாக நினைப்பதில்லை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணிநேரத்தில் தேவாலயத்துக்குப் போனார்கள். ஆதித் திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான திதாக்கே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. குறித்த வேளையில் குறித்த சொற்களால் ஜெபிப்பது துறவிகள் கண்டுபிடித்த வழக்கம் அன்று. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில், 150 சங்கீதங்களும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கப்படவேண்டும் என்று விதித்தார். 1549ஆம் ஆண்டில் தாமஸ் கிரான்மரின் முயற்சியால் வெளிவந்த ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம், மடத்துக்கு வெளியே வாழும் எளிய மக்களும் பின்பற்றக்கூடும்படி, காலை மாலை என்று 30 நாட்களுக்கு அவற்றைப் பகிர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருத்திய, நாளின் வேளைகளுக்குரிய ஜெப நூலான திருப்புகழ்மாலையில் நான்கு வாரச் சுற்று பின்பற்றப்படுகிறது. முப்பது நாள் சுற்றைக் கணக்கிட்டால் ஒரு வேளைக்குச் சராசரியாக இரண்டரைச் சங்கீதம்தான் வரும். நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மற்ற முறைகளில் நாம் வாசித்துவிட்டு, பிறகு நம் சொற்களில் ஜெபிக்க வேண்டும். இங்கே வாசிப்பே ஜெபமாக இருக்கிறது. நன்றாக இருக்கும் நாட்களில் இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால் நோயினாலோ இழப்பினாலோ ஒருவருக்குச் சொற்களே வராத காலம் உண்டு. அப்படிப்பட்ட மாதங்கள் எனக்கும் இருந்தன. அப்போது என்னைத் தாங்கியது நான் தேடிப்போகாத 88ஆம் சங்கீதம். சிநேகிதனும் தோழனும் விலக்கப்பட்டதைச் சொல்லி, எந்த ஆறுதல் வார்த்தையும் இன்றி முடிந்துவிடும் அந்தப் பாடல் தேவனுடைய வார்த்தைக்குள்ளேயே இடம்பெற்றிருக்கிறது என்பதால், அப்படி ஜெபிப்பதும் விசுவாசமே என்று விளங்கிக்கொண்டேன். 4ஆம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ், மர்செல்லீனு என்பவருக்கு எழுதிய மடலில், பாடுகிறவர் தம் ஆத்துமாவின் அசைவுகளைக் காணும் கண்ணாடியாகச் சங்கீதங்கள் இருக்கின்றன என்று குறிப்பிட்டார். நம் ஆண்டவரும் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியையும் 31ஆம் சங்கீதத்தின் வரியையும்தான் ஜெபித்தார்.

நாம் மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் புலம்பல் சங்கீதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்த நாளில் அது நமக்காக வரவில்லை. கிறிஸ்துவின் சரீரத்தில் எங்கேயோ ஓர் அவயவம் அந்த வேளையில் அழுதுகொண்டிருக்கிறது. அந்த அவயவத்தின் வாயாக நாம் அதைச் சொல்கிறோம். மனநிலைக்கேற்ற பகுதியை நாமே தேடி எடுக்கும் பழக்கத்தைவிட, வரிசையாக வரும் பகுதிக்கு நம்மை ஒப்புக்கொடுப்பது மேலானது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

சாபச் சொற்கள் வரும் சங்கீதங்களே இந்த முறையின் கடினமான பகுதி. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை 58, 83, 109 ஆகிய மூன்றையும் தன் சுற்றிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. அந்த முடிவின் பின்னுள்ள மேய்ப்புணர்வை மதிக்கிறேன். ஆயினும் அவற்றை விடாமல் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். பழிவாங்கும் விருப்பம் நமக்குள் இல்லாதது போல நடிப்பதைவிட, அதைத் தேவசமுகத்தில் உரக்கச் சொல்லி, நியாயத்தீர்ப்பை அவர் கையில் விட்டு எழுந்துபோவது நேர்மையானது. மற்றபடி, பழக்கத்தினால் நாவு மட்டும் அசைந்து மனம் எங்கேயோ இருக்கும் ஆபத்து இங்கும் உண்டு. ஒரு வரி மனத்தைத் தொட்டால் மீதியை முடிக்காமல் அங்கேயே நின்றுவிட வேண்டும். லூத்தர் 1535இல் தம் நாவிதருக்கு ஜெபத்தைப் பற்றி எழுதிக்கொடுத்த சிறு நூலிலும், பரிசுத்த ஆவியானவர் பேசத் தொடங்கினால் வகுத்த முறையை விட்டுவிட்டு அமர்ந்து கேட்கும்படியே சொன்னார்.

நான்காவது முறையைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். தியானப் புத்தகமோ கைப்பேசிச் செயலியோ கொடுக்கும் அன்றாடப் பகுதி, வேறு எதற்கும் நேரமில்லாத பருவங்களுக்கும் குடும்ப ஜெபத்துக்கும் உதவியாக இருக்கிறது. அதன் குறை, பிறர் மென்று கொடுத்த உணவாக அது இருப்பது. ஒரு வசனமும், அதைவிட நீளமான ஒரு சம்பவமும், முடிவில் இரண்டு வரி ஜெபமுமாக அமைந்துவிட்டால், வாசகர் நினைவில் சம்பவம் நிற்கும், வசனம் நிற்காது. இந்த வகையில் நான் மனமாரப் பரிந்துரைப்பது ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நகரில் சின்சென்டார்ஃப் பிரபுவின் மொராவிய சமூகத்தில் தோன்றி, 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவரும் நாள்வசனப் புத்தகத்தின் மாதிரியை. சீட்டுப்போட்டு எடுத்த ஒரு பழைய ஏற்பாட்டு வசனமும், அதற்கு இணையாகத் தேர்ந்தெடுத்த ஒரு புதிய ஏற்பாட்டு வசனமும் அதில் இருக்கும். விளக்கம் இல்லாததால் மெல்லும் வேலை வாசகருடையதாகவே இருக்கிறது.

இனி முடிவெடுக்கும் இடத்துக்கு வருவோம். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர் ஆண்டுத் திட்டத்தில் தொடங்கவேண்டாம். 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் கதையாக வாசித்துவிட்டு, அதையே மீண்டும் நாளுக்கு ஒரு சிறு பகுதியாக மெதுவாக வாசிப்பது அவருக்கு நல்ல தொடக்கம். பல ஆண்டுகளாகச் சபைக்கு வந்தும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை அறியாதவர் தயங்காமல் ஆண்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய குறை அறிவில் இருக்கிறது, அதை அறிவினால்தான் நிரப்ப முடியும். பிரசங்கத்துக்காகவும் ஓய்வுநாள் பள்ளிக்காகவும் வேதத்தை ஓயாமல் திறப்பவர்களுக்கு மெதுவான வாசிப்பே மருந்து. அவர்கள் பிறருக்காகச் சமைத்துக்கொண்டே தாங்கள் பட்டினி கிடப்பவர்கள். துக்கத்திலும் நோயிலும் நெடுநாள் வறட்சியிலும் இருப்பவருக்குச் சங்கீதம்.

இவற்றில் எதிலும் சேராத, சாதாரண நாட்களைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், சங்கீதச் சுற்றையே அடித்தளமாக வைக்கச் சொல்வேன்: காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம். மீதமுள்ள பத்து நிமிடத்தில் ஒரே புத்தகத்தின் மெதுவான வாசிப்பு. முழு வேதாகமத்துக்கு ஆண்டுக் கெடு வேண்டாம். ஓய்வுநாளில் ஒரே அமர்வில் ஏழு அதிகாரங்கள் வாசித்தால், அவசரமில்லாமல் மூன்றேகால் ஆண்டில் அதுவும் முடிந்துவிடும். எந்த முறையை எடுத்தாலும் மூன்று மாதமேனும் அதில் நிலைத்திருந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும். அதோடு, வாரத்துக்கு ஒரு முறையாவது மற்றொரு விசுவாசியிடம் வாசித்ததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1742இல் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்த இயக்கத்தின் தலைவரான வெஸ்லி தொடங்கிய சிறு வகுப்புகளில் சுமார் பன்னிரண்டு பேர் கூடி ஒருவர் ஆத்துமாவின் நிலையை மற்றவர் விசாரித்தார்கள். நமக்கு ஒருவர் கிடைத்தாலும் போதும்.

சங்கீதச் சுற்றை நான் முன்வைப்பதற்கு நடைமுறையில் இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டுத் திட்டத்தில் நான்கு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரங்கள் கடனாக நிற்கின்றன. அந்தக் கடனைக் கண்டு மலைத்தே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். முப்பது நாள் சுற்றிலோ, தவறிய நாட்களுக்குத் திரும்பிப்போக வேண்டியதே இல்லை; அவை அடுத்த மாதம் தாமாகவே வரும். பத்து நாள் விட்டுப்போய், மனம் கூசி, 17ஆம் தேதி காலையில் மீண்டும் வந்து அமர்கிறவர் அன்றைய பக்கத்தைத் திறந்தால் போதும். அன்றைக்கு உரியது 86ஆம் சங்கீதம், அது இப்படித் தொடங்குகிறது: “கர்த்தாவே, உமது செவியைச் சாய்த்து, என் விண்ணப்பத்தைக் கேட்டருளும், நான் சிறுமையும் எளிமையுமானவன்.”